ஞாயிற்றுக்கிழமைக் கொத்தும் ஆறு நாள் பட்டினியும்

கடந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பதுளைப் பேருந்து நிலையத்துக்கு அண்மையில் உள்ள உணவகம் ஒன்றில் என் அக்காள் மகனோடு அமர்ந்திருந்தேன். கைத்தொலைபேசிக் கடையொன்றில் வேலை செய்யும் இளைஞன் அவன். ஆறு மாதங்களாக உடற்பயிற்சி நிலையத்துக்குப் போகிறான். எடையைக் குறைக்க வேண்டும் என்ற வைராக்கியம். வாரத்தில் ஆறு நாட்கள் அவித்த கோழி, முட்டை வெள்ளை, வெள்ளரிக்காய் என்றுதான் வாழ்கிறான். அன்றோ அவன் முன்னே ஒரு முழுக் கொத்து ரொட்டி, அதன் மேல் உருகிய சீஸ், பக்கத்தில் பெரிய குளிர்பானப் போத்தல். அது முடிந்ததும் ஐஸ்கிறீம் வந்தது. நான் வியப்போடு பார்ப்பதைக் கண்டு சிரித்தபடியே சொன்னான்:

“மாமா, இன்னைக்கு என்னோட சீட் டே. இன்னைக்குச் சாப்பிடுறது எதுவும் கணக்கில்ல.”

முப்பது ஆண்டுகளாகச் செய்தித்தாளில் வேலை செய்தவனிடம் ஒரு விடயம் ‘கணக்கில் இல்லை’ என்று யாராவது சொன்னால், உடனே கணக்குப் பார்க்கத்தான் தோன்றும். அமைச்சர்கள் சொன்னாலும் அப்படித்தான், மருமகன் சொன்னாலும் அப்படித்தான். அன்றிரவு வீட்டுக்கு வந்து காகிதத்தை எடுத்தேன்.

எடை குறைக்க முனையும் ஒருவர், தன் உடலுக்குத் தேவையானதை விட நாளொன்றுக்கு 500 கலோரி குறைவாக உண்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இது எளிதல்ல. இரவில் பசியோடு படுக்க வேண்டிய அளவு. ஆறு நாட்களில் 3000 கலோரி மிச்சம். ஏழாம் நாள் கொத்து, குளிர்பானம், ஐஸ்கிறீம், காலையில் நெய்த் தோசை, இடையில் றோல்ஸ் என்று தேவைக்கு மேல் 2500 கலோரி உள்ளே போகிறது. அதற்கு மேலும் போகலாம். வாரக் கடைசியில் எஞ்சுவது 500 கலோரி. ஒரு கிலோ உடற்கொழுப்பு ஏறக்குறைய 7700 கலோரிக்குச் சமம் என்பது பொதுவாக எடுத்துக்கொள்ளப்படும் கணக்கு. அதன்படி ஆறு நாள் பட்டினிக்கு இந்த இளைஞன் பெறும் கூலி 65 கிராம். தோட்டத்தில் எந்தக் கங்காணியும் இவ்வளவு மோசமாகப் பெயர் போட்டதில்லை!

‘ஒரு நாள் வயிறு நிறைய உண்டால் உடலின் எரிப்பு வேகம் கூடும், அதனால் எடை இன்னும் விரைவாகக் குறையும்’ என்று இதற்கு ஒரு விஞ்ஞான முலாமும் பூசப்படுகிறது. 1994 இல் கண்டறியப்பட்ட லெப்டின் என்ற ஹோர்மோனின் பெயரையும் துணைக்கு அழைக்கிறார்கள். ஒரு நாள் மிகையுணவால் உடலின் எரிப்பு சற்றே கூடுவது உண்மைதான். ஆனால் அந்தக் கூடுதல், உள்ளே போன மிகையின் சிறு பங்குதான். நூறு ரூபாய் கடன் வாங்கிப் பத்து ரூபாய் திருப்பிக் கொடுத்தவன் தன்னை இலாபக்காரன் என்று சொல்லிக்கொள்வதைப் போன்றது இது.

எதிர்த்தரப்புக்கு நியாயம் செய்ய வேண்டும் என்பதையும் எனக்குப் பத்திரிகைத் தொழில்தான் கற்றுக் கொடுத்தது. எனவே அவர்களுக்குச் சாதகமான ஆய்வொன்றை நானே முன்வைக்கிறேன். அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நுவாலா பேர்ன் குழுவினர் 2017 இல் வெளியிட்ட ஆய்வு அது. உடற்பருமன் கொண்ட 51 ஆண்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் 16 வாரங்கள் தொடர்ச்சியாக உணவைக் குறைத்தார்கள். மற்றப் பிரிவினர் இரண்டு வாரம் குறைத்து, இரண்டு வாரம் இடைவெளி விட்டு, அதே 16 வாரக் கட்டுப்பாட்டை முப்பது வாரங்களில் முடித்தார்கள். இடைவெளி விட்டவர்களே அதிக எடையை இழந்தார்கள். ஏறத்தாழ 14 கிலோ. தொடர்ந்து குறைத்தவர்கள் 9 கிலோ.

ஆகவே ஓய்வு நல்லது, ஏமாற்று நாள் வென்றது என்று முடிவு கட்டிவிடலாமா? அந்த இரண்டு வார ‘ஓய்வில்’ அவர்கள் உண்டது என்ன என்று கேட்க வேண்டும். உடல் எடை கூடாமலும் குறையாமலும் நிற்பதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே அளந்து கொடுக்கப்பட்டது. கொத்துக்கும் ஐஸ்கிறீமுக்கும் அதில் இடமில்லை. சாதாரண மனிதனின் சாதாரணச் சாப்பாடு. பட்டினிக்கு எதிர்ப்பதம் பெருந்தீனி அல்ல, அளவான உணவுதான் என்பதையே அந்த ஆய்வு காட்டியது. ஏமாற்று நாளின் வழக்கறிஞர்கள் அழைத்து வந்த சாட்சி, கூண்டில் ஏறியதும் நம் பக்கம் பேசிவிட்டது.

இதை எழுத எனக்கு என்ன அருகதை என்று கேட்கலாம். நானும் இந்த ஏமாற்றில் விழுந்து எழுந்தவன் என்பதே அருகதை. ஐம்பதைக் கடந்த ஆண்டில் இரத்தத்தில் சீனி எல்லையைத் தொட்டுவிட்டதாக மருத்துவர் எச்சரித்தார். எடை 84 கிலோ. நண்பர் ஒருவர் சொன்னபடி ஞாயிறுதோறும் ‘விடுதலை’ என்று திட்டமிட்டேன். நான்கு மாதங்களில் 81 ஆகி, மீண்டும் 84 ஆனேன். ஆனால் என்னை உறுத்தியது எடை அல்ல. வெள்ளிக்கிழமை இரவே ஞாயிற்றுக்கிழமையின் சாப்பாட்டை நினைக்கத் தொடங்கியிருந்தேன். கீரையும் பருப்பும் எனக்குச் சிறைச் சோறாகத் தோன்றின. ஒரு நாளைச் சொர்க்கம் என்று அறிவித்துவிட்டால் மீதி ஆறு நாட்களும் தாமாகவே நரகமாகிவிடும். வாழ்நாள் முழுவதும் உண்ண வேண்டிய உணவை வெறுக்கப் பழக்குவதே இந்த முறையின் மிகப் பெரிய கேடு.

அமெரிக்காவின் மினசோட்டாவில் 1944, 1945 ஆம் ஆண்டுகளில் அன்செல் கீஸ் நடத்திய பட்டினிச் சோதனை புகழ்பெற்றது. ஆரோக்கியமான 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து ஆறு மாதங்கள் அரைப்பட்டினி கிடந்தார்கள். அவர்கள் உணவைப் பற்றியே பேசினார்கள், உணவையே கனவு கண்டார்கள், சமையற் புத்தகங்களைச் சேகரித்தார்கள். சோதனை முடிந்து தடை நீங்கியபோது சிலரால் வயிறு நிறைந்த பிறகும் நிறுத்த முடியவில்லை. கடும் பட்டினியும் கட்டற்ற தீனியும் எதிரிகள் அல்ல, ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பதை அந்த 36 பேர் தங்கள் உடலால் எழுதிக் கொடுத்தார்கள்.

ஆனால் இந்த விவாதம் உடற்பயிற்சி நிலையத்துக் கண்ணாடிக்கு முன் முடிந்துவிடுமானால், நான் இவ்வளவு மை செலவழித்திருக்க மாட்டேன். என் கவலை அந்த இளைஞனின் தாயைப் பற்றியது.

என் அக்கா நமுனுகுலை மலையடிவாரத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்தவள். விடியலில் பெரட்டுக்குப் போய், முதுகில் கூடையோடு நெட்டு மலை ஏறி இறங்கியவள். மெலிந்த உடம்பு. ஐம்பத்திரண்டு வயதில் அவளுக்கு நீரிழிவு என்று தெரிய வந்தது. சென்ற ஆண்டு காலில் வந்த புண் ஆறாமல் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. அவளிடம் ஒருவர் சொன்ன அறிவுரை: “சோறு, ரொட்டி, சீனி எல்லாவற்றையும் நிறுத்துங்கள். எடையைக் கவனியுங்கள்.” அவள் என்னிடம் கேட்டாள்:

“தம்பி, நான் என்னைக்குடா குண்டா இருந்தேன்?”

இந்தக் கேள்விக்கு விடை தேடத்தான் நான் வரலாற்றுக்குப் போக நேர்ந்தது.

எங்கள் தோட்டங்களில் ‘தின்னும் நாள்’ என்ற ஒன்று எப்போதும் இருந்தது. அதற்கு ஆங்கிலப் பெயர் எவரும் வைக்கவில்லை. நான் சிறுவனாக இருந்தபோது, பத்தாம் திகதி சம்பளம் வந்தால் அன்று இறைச்சி மணக்கும். சில லயங்களில் சாராயமும் மணக்கும். கடைக்காரரின் கொப்பியில் கடன் கழிந்து, மறுநாளே புதுக்கடன் தொடங்கும். இருபதாம் திகதிக்குப் பிறகு கோதுமை மாவு ரொட்டியும் மிளகாய்ச் சம்பலும் சீனி போட்ட சாயமும்தான். அது எங்கள் மக்கள் விரும்பி வகுத்த உணவு முறை அல்ல. சம்பளப் பட்டியல் வகுத்த முறை. நாள் சம்பளமாக ஆயிரம் ரூபாயைப் பெறுவதற்கே பல ஆண்டுகள் போராடி, 2021 ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்த சமூகம் இது. வறுமை எங்கள் மீது திணித்த ஏற்ற இறக்கத்தை, இன்று எங்கள் பிள்ளைகள் காசு கொடுத்து நாகரிகமாக வாங்குகிறார்கள் என்பதே என் மனக்குமுறல்.

1973, 1974 ஆம் ஆண்டுகளை எங்கள் முதியவர்கள் மறக்கவில்லை. உலகச் சந்தையில் உணவு விலை ஏறியது, மாவுக்கும் சீனிக்குமான பங்கீடு குறைக்கப்பட்டது. கிராமத்தவருக்கு வயலும் தோட்டமும் இருந்தன. லயத்துக் காம்பராவில் வாழ்ந்தவருக்குச் சொந்தமாக ஒரு கீரைப்பாத்தி நிலம்கூட இருக்கவில்லை. தோட்டங்களில் மக்கள் பட்டினியால் மடிந்தார்கள். அந்த ஆண்டுகளில் கருவிலும் தொட்டிலிலும் இருந்தவர்கள் இன்று ஐம்பதுகளில் இருக்கிறார்கள். என் தலைமுறை அது.

கருவில் பசியறிந்த உடல், பிற்காலத்தில் சீனி வருத்தத்துக்கு எளிதில் இரையாகிறது என்பதை இங்கிலாந்தின் டேவிட் பார்க்கர் வலியுறுத்தினார். 1944-45 குளிர்காலத்தில் ஒல்லாந்தில் நிலவிய பஞ்சத்தின்போது கருவில் இருந்தவர்களைத் தொடர்ந்து ஆராய்ந்தவர்களும் அதற்குச் சான்று கண்டார்கள். நமக்கு இன்னும் நெருக்கமானது புனே நகரத்து மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கின் ஆய்வு. இந்தியக் குழந்தை எடை குறைவாகப் பிறந்தாலும் அதன் உடலில் கொழுப்பின் பங்கு குறைவதில்லை, தசைதான் குறைகிறது என்று அவர் காட்டினார். 2004 இல் ‘லான்செட்’ இதழில் அவரும் இங்கிலாந்தின் ஜோன் யுட்கினும் அருகருகே நிற்கும் படம் வெளியானது. இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு 22.3 தான். ஆங்கிலேயர் உடலில் கொழுப்பு 9.1 வீதம், இந்தியர் உடலில் 21.2 வீதம். அக்காவின் கேள்விக்கு விடை அந்தப் படத்தில் இருக்கிறது. குண்டாக இல்லாமலே கொழுப்பைச் சுமக்கும் உடல்கள் நம்முடையவை. ஆசிய மக்களுக்கு 25 வரை காத்திராமல் 23 இலேயே எச்சரிக்கை தேவை என்று உலக சுகாதார அமைப்பின் நிபுணர் குழு 2004 இல் சொன்னதும் இதனால்தான்.

இது பழங்கதையும் அல்ல. 2016 ஆம் ஆண்டு இலங்கைக் குடிசன, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் 17.3 வீதம், தோட்டப்புறத்தில் 31.7 வீதம். பிள்ளைமடுவத்தில் இன்று குட்டையாக நிற்கும் குழந்தைதான் முப்பது ஆண்டுகள் கழித்து நீரிழிவுச் சிகிச்சை வரிசையில் நிற்கப் போகிறது. அந்த உடலுக்கு ஆறு நாள் பட்டினியும் ஒரு நாள் வெள்ளமும் மருந்தாகாது.

அப்படியானால் நான் எல்லா இன்பத்தையும் தடை செய்யச் சொல்கிறேனா? இல்லவே இல்லை. ‘எல்லாவற்றையும் நிறுத்து’ என்று சொல்பவரோடும் எனக்குச் சண்டை இருக்கிறது.

உண்பதற்கும் நோன்பு இருப்பதற்கும் நம்மிடம் ஏற்கெனவே ஒரு நாட்காட்டி உண்டு. தைப்பொங்கல், சித்திரை வருடப்பிறப்பு, தோட்டத்து மாரியம்மன் திருவிழா, தீபாவளி. கிறிஸ்தவ அயலவர் வீட்டில் நத்தார், இஸ்லாமிய நண்பர் வீட்டில் பெருநாள். காப்புக் கட்டி விரதம் இருந்து, கரகம் பாலித்து, தேர் லயம் லயமாகச் சுற்றி வந்த பிறகு உண்ணும் விருந்தில் ஏமாற்று எங்கே இருக்கிறது? யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அந்தச் சோற்றை எவரும் தனியாக மூலையில் அமர்ந்து, கைத்தொலைபேசியைப் பார்த்தபடி விழுங்குவதில்லை. அதற்குத் தொடக்கம் உண்டு, முடிவும் உண்டு. உணவைக் குற்றமாகப் பார்ப்பவனுக்குத்தான் ஏமாற்ற ஒரு நாள் தேவைப்படுகிறது. ‘ஏமாற்று’ என்ற அந்தச் சொல்லையே நான் வெறுக்கிறேன்.

இங்கும் கணக்கு என் பக்கம்தான். ஆண்டுக்குப் பத்து விருந்து நாட்கள், ஒவ்வொன்றிலும் 2500 கலோரி மிகை என்றால் 25,000. வாராவாரம் ஏமாற்று நாள் என்றால், 52 வாரங்களுக்கு 1,30,000. இனி நாம் கவனிக்காத ஒன்றைப் பாருங்கள். நாளுக்கு ஆறு கோப்பைத் தேநீர், கோப்பைக்கு இரண்டு கரண்டி சீனி. கரண்டிக்கு ஐந்து கிராம் என்றால் 60 கிராம், 240 கலோரி. ஆண்டுக்கு 87,600! பத்து விருந்துகளைப் போல மூன்று மடங்குக்கு மேல். 2015 ஆம் ஆண்டு உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டல், சீனியிலிருந்து வரும் சக்தி மொத்தத்தில் பத்து வீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், ஐந்து வீதத்துக்குக் கீழே என்றால் இன்னும் நல்லது என்கிறது. 2000 கலோரி உண்பவருக்கு ஐந்து வீதம் என்பது 25 கிராம். நம்மைக் கொல்வது தீபாவளி அல்ல, செவ்வாய்க்கிழமை.

ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்றில் விளையும் ஊவாத் தேயிலையின் மணத்துக்காக உலகம் பணம் கொடுக்கிறது. அதைச் சுவைப்பவர்கள் சீனியால் அதன் மணத்தை மூடுவதில்லை. அதைப் பறித்த கைகளுக்குக் கிடைத்ததோ தூளும் சீனியும். இந்த அநியாயத்தை ஒரு கரண்டி சீனியைக் குறைப்பதால் சரி செய்துவிட முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆயினும் உடல் நம்முடையது.

‘ஏழைக்கு இருக்கும் ஒரே இன்பம் நாக்குதான். பதுளையில் நாற்காலியில் இருந்து எழுதும் உமக்கு அதைப் பறிக்க என்ன உரிமை?’ என்று தோழர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. நான் பறிக்கச் சொல்வது இன்பத்தை அல்ல. அக்காவின் திருவிழாச் சோற்றை எவரும் தொடக்கூடாது என்பதே என் வாதம். அன்றாடத் தட்டு மாறுவதற்கு அவளுக்கு நிலமும் ஊதியமும் வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். லயத்துக்குப் பின்னால் ஒரு பாத்தி வல்லாரையும் பொன்னாங்காணியும் வைக்க இடமில்லாதவரிடம் காய்கறி உண்ணச் சொல்வது கேலி. அறிவுரை சொல்பவர்கள் முதலில் அதற்குக் குரல் கொடுக்கட்டும்.

கடல் கடந்து வாழும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. டொரொன்டோவிலும் லண்டனிலும் வார இறுதிதோறும் பிறந்தநாள், பூப்புனித நீராட்டு, திருமணம், அதன் பின் வரவேற்பு. திருவிழாவே வாராவாரம் வந்தால் அது திருவிழா அல்ல, பழக்கம். உங்கள் நாட்காட்டியில் உண்மையான பத்து நாட்களைத் தேர்ந்தெடுங்கள். மற்ற விழாக்களுக்குப் போங்கள், வாழ்த்துங்கள், ஒரு தட்டு உண்டு எழுந்து வாருங்கள்.

நான் கடைப்பிடிப்பது இதுதான். ஆண்டுக்குப் பத்து நாட்கள் மனிதர்களோடு அமர்ந்து மனம் நிறைய உண்கிறேன். முதல் நாள் பட்டினி கிடந்து வயிற்றில் இடம் ஒதுக்குவதில்லை, மறுநாள் பட்டினி கிடந்து பிராயச்சித்தம் தேடுவதுமில்லை. மறுநாள் தராசு ஒரு கிலோ கூடுதலாகக் காட்டினால் அஞ்சுவதில்லை. அதில் பெரும்பகுதி உப்பும் மாவும் பிடித்து வைத்த நீர், சில நாட்களில் போய்விடும். மீதி நாட்களில் தேநீரில் சீனி இல்லை. இரண்டு கரண்டியிலிருந்து ஒன்றுக்கு வர ஒரு மாதம், ஒன்றிலிருந்து சைபருக்கு வர இரண்டு மாதம் எடுத்தது. ரொட்டி இரண்டிலிருந்து ஒன்றாகியது, அதில் பாதி குரக்கன் மாவு. கூடவே பருப்பும் கீரையும். இந்தச் சாப்பாட்டைச் சிறைச் சோறாக நினைப்பதை விட்ட பிறகுதான் எடை இறங்கியது. இப்போது 76 கிலோ. ஒன்றரை ஆண்டு எடுத்தது. யாருக்கும் விளம்பரப் படம் எடுத்துக் காட்டக்கூடிய வேகம் அல்ல. நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் விரதமும் விருந்தும் தொடங்குமுன் தங்கள் மருத்துவரிடம் பேச வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மருமகனிடம் இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப தீபாவளிக்கு வீட்டுக்கு வாங்க மாமா, அம்மா ஆட்டிறைச்சி சமைப்பாங்க” என்றான். கட்டாயம் வருகிறேன் என்றேன். அக்காவுக்கு அன்று என்ன சமைக்கலாம், அவள் எவ்வளவு உண்ணலாம் என்று சிகிச்சை நிலையத்தில் கேட்டு வரும் பொறுப்பையும் அவனிடமே கொடுத்திருக்கிறேன். அவள் பறித்த கொழுந்தில் வளர்ந்தவர்கள் நாங்கள் இருவரும். அவள் உட்கார முடியாத பந்தியில் எங்களுக்கு எந்த ஞாயிற்றுக்கிழமையும் வேண்டாம்.